கரும்புக்காகக் கோவையைத் தேடிய உலகம் படிப்புக்கு ஏன் வரவில்லை?

கோவை கிராஸ்கட் ரோட்டில் நகைக்கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் மேலே, மாடிகளில், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஆலோசனை மையங்களின் பலகைகள் தொங்குகின்றன. ஜெர்மனியில் முதுநிலை, அயர்லாந்தில் டேட்டா சயின்ஸ், ஜார்ஜியாவில் மருத்துவம், கூடவே ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி, வங்கிக் கடன், விசா. ஈரோடு, சேலம், திருப்பூரிலும் இதே பலகைகள்தான். வெளிநாட்டிலிருந்து ஒரு மாணவரை இந்தப் பக்கம் அழைத்து வருகிற அலுவலகம் என்று ஒன்று அந்தத் தெருக்களில் என் கண்ணில் பட்டதில்லை.

நாடு முழுவதற்கும் நிலைமை இதுதான். ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். மொத்த உயர்கல்வி மாணவர்கள் சுமார் 4.33 கோடி. ஆக, ஆயிரத்துக்கு ஒருவர். அந்த ஒருவரும் பெரும்பாலும் பக்கத்து நாட்டுக்காரர். நேபாளத்தின் பங்கு மட்டுமே 28 சதவீதம். அடுத்தடுத்து ஆப்கானிஸ்தான், அமெரிக்கா, வங்கதேசம், அமீரகம். அமெரிக்கா, அமீரகம் என்ற தலைப்பில் வருகிறவர்களில், பாஸ்போர்ட் மட்டும் வேறாக இருக்கும் நம் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்று ஊகிக்கலாம். மறுபக்கம், 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர்.

2020 தேசியக் கல்விக் கொள்கை இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும் என்கிறது. அதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அடுத்தடுத்து விதிகளைத் தளர்த்தியது. 2022-இல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் கொடுக்க வழி செய்தது. அதே ஆண்டு, வெளிநாட்டு மாணவர்களுக்கு 25 சதவீதம் வரை கூடுதல் இடங்கள் உருவாக்கிக் கொள்ளலாம் என்றது. 2023-இல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே நேரடியாக வளாகம் திறக்கவும் அனுமதி வந்தது. குஜராத் கிஃப்ட் சிட்டியில், அங்குள்ள தனி விதிப்படி, டீக்கின், வொல்லொங்காங் என இரண்டு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களும், குருகிராமில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனும் கடை விரித்துவிட்டன.

கொங்கு நாட்டில் கல்வி நிறுவனங்களுக்குக் குறைவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம், பாரதியார், சேலம் பெரியார் ஆகிய அரசுப் பல்கலைக்கழகங்கள், அவினாசிலிங்கம், அமிர்தா, காருண்யா போன்ற நிகர்நிலைகள், பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., குமரகுரு, பெருந்துறை கொங்கு, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் என்று பொறியியல் கல்லூரிகள். பெரிய கல்லூரி எதுவானாலும் இணையதளத்தில் ‘சர்வதேச உறவுகள்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் கொடிகள், கூட்டாளிப் பல்கலைக்கழகங்களின் சின்னங்கள், கைகுலுக்கும் படங்கள். இத்தனைக்குப் பிறகும் விடுதியில் வேறு நாட்டு முகம் அபூர்வமாக இருப்பது ஏன்?

காரணங்களில் பலவும் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், தேர்வுப் பிரிவின் மேசையில் கிடக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் அந்தக் கைகுலுக்கும் படங்களைப் பார்த்துவிடுவோம். கல்லூரிகளுக்குத் தரம் போடும் தேசிய அமைப்பான ‘நாக்’ மதிப்பீட்டில், செயல்பாட்டில் உள்ள புரிந்துணர்வு ஒப்பந்தங்களுக்கும் மதிப்பெண் உண்டு. கியூ.எஸ். உலகத் தரவரிசையில் வெளிநாட்டு ஆசிரியர் விகிதத்துக்கு 5 சதவீதம், வெளிநாட்டு மாணவர் விகிதத்துக்கு 5 சதவீதம், சர்வதேச ஆய்வுத் தொடர்புக்கு 5 சதவீதம். டைம்ஸ் தரவரிசையில் சர்வதேசப் பார்வை என்ற தலைப்புக்கு 7.5 சதவீதம். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிர்வாகத்தின் கவனமும் போகும். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பொன்னாடை, நினைவுப் பரிசு, பேனர், குழுப் படம், அடுத்த நாள் செய்தித்தாளில் நான்கு வரி. ஐந்து ஆண்டு கழித்து ஒப்பந்தம் காலாவதியாகும்போது அதன் கீழ் ஒரு மாணவர்கூடப் போய்வந்திருக்க மாட்டார். ஒப்பந்தத்தை ஓட்ட வேண்டிய ‘டீன், சர்வதேச உறவுகள்’ பெரும்பாலும் ஒரு பேராசிரியர். வாரம் முழுக்க வகுப்பு எடுத்துக்கொண்டு, ஆய்வு மாணவர்களையும் பார்த்துக்கொண்டு, கூடுதல் பொறுப்பாக இதையும் சுமக்கிறவர். அவருக்கென்று ஒரு எழுத்தர் கிடைத்தாலே அது வசதியான கல்லூரி.

சரி, ஒப்பந்தம் நிஜமாகவே ஓட வேண்டும் என்று ஒரு கல்லூரி நினைக்கிறது. மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவரை ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும், தேர்வுகள் அதையொட்டி. கோடைகால செமஸ்டர் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை. நம்மூரில் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை வாக்கில் தொடங்கி நவம்பர், டிசம்பர் தேர்வோடு முடிகிறது. இரட்டைப்படை செமஸ்டர் ஜனவரி முதல் ஏப்ரல், மே வரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மனியின் ஒரு குளிர்கால செமஸ்டர் நம்முடைய இரண்டு செமஸ்டர்களைக் கடிக்கிறது. அக்டோபரில் கிளம்புகிற பையன் ஐந்தாம் செமஸ்டரில் இரண்டாவது இன்டர்னலையும் செமஸ்டர் தேர்வையும் விடுகிறான். பிப்ரவரி கடைசியில் திரும்பி வரும்போது ஆறாம் செமஸ்டரில் பாதி ஓடிவிட்டது. 75 சதவீத வருகைப்பதிவு கைக்கெட்டாத தூரம். ஒரு செமஸ்டர் வெளியே போனதற்கு இரண்டு செமஸ்டர் விலை.

அப்பாக்கள் இதைப் பேராசிரியர்களைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள். “சார், பையன் போய்ட்டு வந்தா இங்க அரியர் விழுந்துடுங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. அரியர் விழுந்தால் வளாக நேர்காணலில் நிறைய கம்பெனிகள் உட்காரவே விடாது. ஆகவே அந்தக் கேள்விக்கு உறுதியான பதில் இல்லாத இடத்தில் பரிமாற்றத் திட்டம் அங்கேயே படுத்துவிடுகிறது.

இதற்குக் கல்லூரிகள் கண்டுபிடித்திருக்கும் வழி, கடைசி செமஸ்டரில் அனுப்புவது. எட்டாம் செமஸ்டரில் பெரும்பாலும் புராஜெக்ட்தான். வகுப்பு, இன்டர்னல் தொல்லை குறைவு. எங்கே இருந்து செய்தாலும் கடைசியில் வைவா கொடுத்தால் போதும். கெட்டிக்காரத்தனமான வழிதான், நிறையப் பிள்ளைகள் இதில் பலனடைந்தும் இருக்கிறார்கள். ஆனால் இது ஒருவழிப் பாதை. அங்கிருந்து வருகிற மாணவருக்கு நாம் என்ன தருகிறோம்? அக்டோபரில் வந்து இறங்கினால் பாடத்தில் முக்கால்வாசி முடிந்திருக்கும். ஜனவரியில் வா என்றால் அங்கே அவருக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும். ஆகவே அவர்கள் இரண்டு வாரம் வருகிறார்கள். பொங்கல் விழாவில் வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஒரு பவுண்டரியும் ஒரு ஸ்பின்னிங் மில்லும் பார்க்கிறார்கள், ஊட்டி போகிறார்கள், கிளம்புகிறார்கள். அறிக்கையில் அது ‘சர்வதேச மாணவர் பரிமாற்றம்’ என்று ஏறிவிடும்.

கிரெடிட் கணக்கு அடுத்த முடிச்சு. ஐரோப்பாவில் 1999 போலோனா உடன்பாட்டுக்குப் பிறகு நாடுகள் ஒரு பொது அளவுக்கு வந்தன. ஒரு முழு ஆண்டுப் படிப்பு என்றால் 60 ஐரோப்பிய கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவர் 25 முதல் 30 மணி நேரம் உழைப்பது. வகுப்பில் உட்கார்ந்ததும் சேரும், அறையில் படித்ததும் சேரும். நம்மிடம் ஒரு கிரெடிட் என்பது பெரும்பாலும் செமஸ்டருக்கு 15 மணி நேர வகுப்பு. 2018-இல் தொழில்நுட்பக் கல்விக்கான ஒன்றிய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. கொடுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் நான்கு ஆண்டு பி.டெக். முழுமைக்கும் 160 கிரெடிட். ஐரோப்பியக் கணக்கில் நான்கு ஆண்டுக்கு 240. ஒன்றரையால் பெருக்கினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் தேர்வுப் பிரிவு அப்படிப் பார்ப்பதில்லை. ‘ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்துக்கு ஈடான பாடம் எது, அதில் மூன்றாம் அலகு இருக்கிறதா’ என்று பாடம் பாடமாகப் பொருத்திப் பார்க்கும். பாடத்திட்டக் குழு கூட வேண்டும், அப்புறம் கல்விக் குழு ஒப்புதல் தர வேண்டும். அந்தக் குழு ஆண்டுக்கு ஓரிரு முறைதான் கூடுகிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் இவ்வளவோடு போயிற்று. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் சென்னையில், அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இங்கே இருப்பவர் ஆசைப்பட்டு என்ன ஆகப் போகிறது?

மதிப்பெண்ணும் ஒத்துவராது. ஜெர்மனியில் 1.0 என்பது உச்சம், 4.0 என்பது ஒட்டிப் பிழைத்த தேர்ச்சி. 1.3 வாங்கி வந்த மாணவியின் சான்றிதழைப் பத்துக்கு இத்தனை என்று பழகிய கண்ணால் பார்த்தால் அவர் தேறவே இல்லை. மாற்றும் சூத்திரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணை அவற்றால்தான் மாற்றிக்கொள்கின்றன. அதைத் திருப்பிப் போட்டு நம் விதிமுறையில் ஒரு பத்தியாகச் சேர்க்க எந்த அரசாணையும் தேவையில்லை, தன்னாட்சிக் கல்லூரிக்கு அதன் கல்விக் குழுவே போதும். மாணவர் கிளம்பும் முன்பே ‘இந்த இந்தப் பாடம் அங்கே படிக்கலாம், தேறி வந்தால் இங்கே ஏற்றுக்கொள்வோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது ஐரோப்பாவில் 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின் அன்றாட நடைமுறை. அந்த ஒரு தாள் கையில் இருந்தால் மேலே சொன்ன அப்பாவுக்குப் பதில் கிடைத்துவிடும்.

கூட்டுப் பட்ட விதிகளில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. 2022 விதிப்படி நம் பக்க நிறுவனம் ‘நாக்’ மதிப்பீட்டில் 3.01-க்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் பல்கலைக்கழகப் பிரிவில் முதல் 100-க்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ‘மேன்மைமிகு நிறுவனம்’ என்ற தகுதி பெற்றிருக்க வேண்டும். நியாயம். ஆனால் அந்தப் பக்கக் கூட்டாளி கியூ.எஸ். அல்லது டைம்ஸ் பட்டியலில் முதல் 1000-க்குள் இருக்க வேண்டும் என்பது கொங்கு நாட்டுக்குப் பொருந்தாத அளவுகோல். இந்த ஊர் பம்ப், மோட்டார், வார்ப்பு, நெசவு இயந்திரம், பின்னலாடை என்று வாழ்கிற ஊர். இதற்கு ஏற்ற ஜோடி ஜெர்மனியின் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்கள். தொழிற்சாலையோடு ஒட்டியே பாடம் நடத்துகிறவை. மோன்செங்கிளாட்பாக்கில் உள்ள நீடர்ரைன் பல்கலைக்கழகத்தின் ஜவுளித்துறை ஐரோப்பாவிலேயே பெரியவற்றுள் ஒன்று. ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையை வைத்துப் போடும் உலகப் பட்டியல்களில் இந்த வகைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மேலே வருவதில்லை. திருப்பூருக்குப் பொருத்தமான கூட்டாளியை ஒதுக்கிவிட்டு, திருப்பூர் எங்கே இருக்கிறது என்று தெரியாத பெரிய பெயரைத் தேடிப் போகும்படி விதி தள்ளுகிறது.

பணத்துக்கு வருவோம். ஜெர்மனிக்குப் போகிற நம் மாணவர் ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் குறிப்பிட்ட அளவே எடுக்கக்கூடிய முடக்குக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2022 நவம்பரிலிருந்து சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஏ.பி.எஸ். சான்றும் கட்டாயம். கெடுபிடிதான். ஆனால் போன பிறகு ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது. பீட்சா கடையிலோ கிடங்கிலோ வேலை செய்து அறை வாடகையைத் தேற்றிவிடுகிறார்கள். இங்கே வருகிறவர் மாணவர் விசாவில் வேலை பார்க்க முடியாது. தான்சானியாவிலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை கோவைக்கு வந்தால், ஒன்றிய அரசின் ஐ.சி.சி.ஆர். போன்ற உதவித்தொகை இருந்தால் உண்டு, இல்லையென்றால் வீட்டிலிருந்து வருகிற பணம்தான் எல்லாம். ஊர்ப் பணத்தின் மதிப்பு சரிந்தால் படிப்பே ஆட்டம் காணும்.

வெளிநாட்டு ஆசிரியரை வேலைக்கு வைப்பது அதைவிடச் சிரமம். வேலை விசாவுக்குப் பொதுவாக ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஒன்றிய அரசின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு உதவிப் பேராசிரியர் பதவியில் 9.10 லட்சம் என்று தளர்வு கொடுத்திருக்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் தனியார் கல்லூரிக்கும் அது பொருந்தாது. ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரிகள் பலவற்றில் கையில் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை என்பது ஊரறிந்த விஷயம். அப்படியிருக்க, பக்கத்து அறையில் வெளிநாட்டவர் ஒருவரை 16.25 லட்சத்துக்கு எந்த நிர்வாகம் உட்கார வைக்கும்? தரவரிசையில் அந்த 5 சதவீதம் ஏறாமலே கிடப்பதற்கு வேறு மர்மக் காரணம் எதுவும் வேண்டியதில்லை.

தங்குமிடமும் சின்ன விஷயம் இல்லை. 180 நாளுக்கு மேல் தங்குகிற வெளிநாட்டு மாணவர் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அவருக்கு இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் ஏற்ற வேண்டும். விடுதி வார்டனுக்கு இது பழகிவிடும். ஆனால் பாரதியார் பல்கலைக்கழகத்துக்கு எதிரே கல்வீரம்பாளையத்திலோ வடவள்ளியிலோ மாடி போர்ஷன் வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரருக்கு இந்தக் கடவுச்சொல்லும் படிவமும் போலீஸ் விசாரணை என்ற பயமும் எதற்கு? “நமக்கெதுக்குங்க வம்பு” என்று உள்ளூர்ப் பையன்களுக்கே விட்டுவிடுகிறார். கறுப்பினத்தவர் என்றால் இன்னொரு கதவும் சேர்ந்து சாத்திக்கொள்கிறது என்பதை நாம் மரியாதைப்பட்ட ஊர் என்று சொல்லி மூடி மறைக்க வேண்டாம். 70-ஆம் நம்பர் பஸ்ஸில் மருதமலை வரை அவரை முறைத்துப் பார்த்துக்கொண்டே வருகிறவர்களும் ‘வாங்க, போங்க’ என்று பேசுகிற அதே ஜனங்கள்தான்.

வகுப்பறைக்குள் நடப்பதும் சிக்கல். பாடம் ஆங்கிலத்தில்தான் என்று விளக்கக் கையேட்டில் இருக்கும். நடைமுறையில் ஆசிரியர் வரையறையை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கஷ்டமான இடம் வந்ததும் தமிழுக்குத் தாவுகிறார். நாமக்கல், தாராபுரம் பக்கத்திலிருந்து குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்து உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அந்தத் தமிழ்தான் பாடம். அதைத் தடுத்தால் அவருக்கு அநியாயம். தடுக்காவிட்டால் கடைசி பெஞ்சில் இருக்கும் இரண்டு நேபாள மாணவர்களுக்கு அநியாயம். இரண்டில் எதை விடுவது என்று என்னைக் கேட்டால் தமிழை விடாதீர்கள் என்பேன். எழுத்துக் குறிப்பும் ஆய்வகக் கையேடும் நல்ல ஆங்கிலத்தில் முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டால், வாய்ப்பேச்சு எந்த மொழியில் இருந்தாலும் இருவரும் தாங்கிக்கொள்வார்கள். அந்தக் குறிப்பு எத்தனை துறைகளில் இருக்கிறது என்பது வேறு கதை.

இதெல்லாம் நடைமுறைத் தடைகள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: எதற்காக ஒருவர் இங்கே வர வேண்டும்? கணினிப் பொறியியல் படிக்க மணிலாவிலிருந்து சரவணம்பட்டிக்கு வர எந்தக் காரணமும் இல்லை. ஆனால் நூறு ஆண்டுக்கு முன்னால் உலகம் கோவையைத் தேடியிருக்கிறது, அதற்குக் காரணம் இருந்தது.

1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. ஏன் கோவை? வடஇந்தியாவில் கரும்பு எளிதில் பூத்து விதை கட்டுவதில்லை. இந்த ஊர்த் தட்பவெப்பத்தில் பூக்கிறது. ஆய்வாளர்கள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இங்கே, சாறு மிகுந்த கரும்பையும் நாணல் போல வளரும் காட்டுக் கரும்பையும் கலந்து 1918-இல் கோ 205 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். ‘கோ’ என்றால் கோயம்புத்தூர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள் அந்தப் பதிற்றாண்டில் இங்கேதான் கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பார்த்தார். கோவையில் செய்த கலப்பின் விதை தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் போய், அங்கே முளைத்து, தேர்ந்தெடுக்கப்பட்டு என்.கோ. 310 என்ற ரகமானது. அது தைவான் வரை பரவிப் பெருமளவில் பயிராயிற்று. எந்தத் தரவரிசையும் இல்லாத காலம். பூக்கும் கரும்பு இங்கே இருந்தது, அது தேவைப்பட்டவர்கள் தேடினார்கள், அவ்வளவுதான்.

பழைய பெருமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அண்மையிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. மரவள்ளியைத் தாக்கும் ஒரு மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முறையாக 2020-இல் கேரளத்தில் தென்பட்டது. தென்னமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது. கேரளத்திலிருந்து சேலம், நாமக்கல் பக்கம் பரவியபோது ஜவ்வரிசி ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு போடும் விவசாயிகள் ஆடிப்போனார்கள். நுனி சுருண்டு கொத்துக் கொத்தாகிவிடும், கிழங்கு பிடிக்காது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து பெரும் நாசம் செய்திருந்தது. அதற்கு அங்கே கண்ட மருந்து, பராகுவேயில் பிடித்துக் கொண்டுவந்த ஓர் ஒட்டுண்ணிக் குளவி. அனகைரஸ் லோபெசி என்று பெயர், ஓரிரு மில்லிமீட்டர் அளவுதான். அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சி வள தேசிய ஆய்வகம் அந்தக் குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டது.

பராகுவே, பெனின், ஏத்தாப்பூர். எந்தத் துணைவேந்தரும் கனவு காணாத வழித்தடம் இது. இரண்டு ஊர்களுக்கும் ஒரே தொல்லை, ஒருவரிடம் விடை இருந்தது, அதனால் நடந்தது. மரவள்ளி உற்பத்தியில் உலகில் முதலிடம் நைஜீரியாவுக்கு. ஆனால் கிழங்கிலிருந்து மாவெடுத்து ஜவ்வரிசியாக்கும் தொழிலை ஆத்தூர், ராசிபுரம் பக்கம் வளர்த்தெடுத்த அளவுக்கு வேறெங்கும் தேடினாலும் எளிதில் அமையாது. ஒரு நைஜீரிய மாணவருக்கு இங்கே வரக் காரணம் வேண்டுமென்றால் இதோ இருக்கிறது.

திருப்பூர் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு. சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற விதியின்கீழ் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. தண்ணீரைப் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தீராத தலைவலி. ஆடைத் தொழில் நடக்கிற நாடுகள் எல்லாவற்றுக்கும், வங்கதேசத்திலிருந்து எத்தியோப்பியா வரை, இந்தத் தலைவலி இன்றோ நாளையோ உண்டு. வெளிநாட்டு ஆய்வாளர்கள் திருப்பூருக்கு வந்து பேட்டி எடுத்து முனைவர் பட்டம் வாங்கிப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு உள்ளூர்க் கல்லூரி கொடுப்பது ஓர் அறையும் மொழிபெயர்க்க ஒரு மாணவரும். பட்டம் அவர்களுடைய பல்கலைக்கழகத்தில், கட்டுரை அவர்களுடைய பெயரில். நாம் கிரெடிட் கொடுக்கக்கூடிய ஒரு பாடம் அதில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

வேளாண் பல்கலைக்கழகம் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இரட்டை முதுநிலைப் பட்டம் நடத்தியது போன்ற முயற்சிகள், துறைசார்ந்த பலம் இருக்கும் இடத்தில் வாசல் திறக்கும் என்பதற்குச் சாட்சி. ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களில் முடிவெடுக்க ஆள் வேண்டுமே. பாரதியாரில் 2022 அக்டோபரில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடந்த இழுபறியில் ஆண்டுக்கணக்காக அந்த நாற்காலியில் ஆளில்லாமல், ஒரு குழு நிர்வாகத்தைக் கவனித்தது. குழு அன்றாடக் கோப்புகளை நகர்த்தும், பட்டச் சான்றிதழில் கையெழுத்திடும். ஐந்து ஆண்டுக்கு இத்தனை மாணவர், இத்தனை கிரெடிட் என்று வெளிநாட்டுக்கு வாக்குக் கொடுக்கிற வேலை குழுவால் ஆகாது.

ஆகவே எனக்கு நம்பிக்கை இருப்பது தன்னாட்சிக் கல்லூரிகள் மேல்தான், அதுவும் சின்ன அளவில். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வகுப்பு கிடையாது. ஏறக்குறைய ஏழு வாரம். அதே நாட்களில் இங்கே இரட்டைப்படை செமஸ்டர் முழு வேகத்தில் இருக்கும். வெயிலும் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கும். திருப்பூர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றையும் பின்னலாடை ஆலை ஒன்றையும் சேர்த்துக்கொண்டு ஐந்து வாரப் பாடம் ஒன்றை அந்த இடைவெளியில் வைக்கலாம். பாதிப் பேர் அங்கிருந்து, பாதிப் பேர் இங்கிருந்து. ஆறு ஐரோப்பிய கிரெடிட், நம் கணக்கில் நான்கு. நம் பிள்ளைகளுக்கு அது விருப்பப் பாடங்களில் ஒன்றாகக் கணக்காகிவிடும், வருகைப்பதிவுத் தகராறு இல்லை. 180 நாள் ஆகாததால் பதிவுக்கு அலைய வேண்டியதில்லை; விடுதியில் பத்து அறை ஒதுக்கினால் வீட்டுக்காரரிடமும் கெஞ்ச வேண்டாம். கல்விக் குழு ஜூலையில் ஒப்புதல் கொடுத்தால் அடுத்த பிப்ரவரியில் முதல் அணி வந்து இறங்கலாம்.